வெளியே போட்ட நாற்காலி

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் அந்தத் தாள் மேசைக்கு வந்துவிட்டது. வருடா வருடம் வருவதுதான். வழித்தடக் குழுவில் உட்காருகிற ஒவ்வொருவரும், குழு எடுக்கும் முடிவுகளில் தனக்கோ, தன்னோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்கோ ஏதாவது ஆதாயம் உண்டா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்தப் பகுதிக்கு எந்த பஸ், முதல் வண்டி எப்போது, கடைசி வண்டி எப்போது, எந்தத் தடத்தை நிறுத்துவது என்று முடிவு செய்கிற குழு. நான் கால அட்டவணைப் பிரிவு.

எதிர் மேசைக்காரர் பேனா மூடியைத் திறந்ததும் தெரியவில்லை, மூடியதும் தெரியவில்லை. எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'. அவர் பணிமனை அலுவலர். இந்த நகரத்தில் ஓடும் வேன்களில் பாதி அவர் மனைவியின் தம்பிக்குச் சொந்தம். அலுவலகத்தில் எல்லாரும் அவரை வேன்காரர் என்றுதான் சொல்லுவோம், முதுகுக்குப் பின்னால். ஆனால் மச்சினன் ஒரே கூரையின் கீழ் இல்லையே. விதிப்படி அவர் சுத்தத் தங்கம்.

நான்தான் கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். 'வேறு ஏதேனும் இருப்பின் குறிப்பிடவும்.' இத்தனை வருடமாக அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு எழுந்திருக்கிறேன். இந்த வருடம் கை நின்றுவிட்டது. தேர்தல் வருகிறது. மேட்டுக் குடியிருப்புக்குப் போகும் ஒன்பதாம் எண் பஸ்ஸில் கை வைக்கக் கூடாது என்று எங்கள் கட்சி தெருத் தெருவாகக் கூட்டம் போடுகிறது. எங்கள் கட்சி! எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் உறுப்பினர்கூட இல்லை. ஆனால் கல்லூரிக் காலத்திலிருந்து என் ஓட்டு ஒரே பக்கம்தான். ஒன்பதைப் பற்றி நான் பேசினால் என் குரலில் அது இருக்காதா? இருக்கும். எனக்கே தெரியும்.

அதனால் எழுதினேன். இன்ன கட்சியின் கொள்கையில் எனக்கு நெடுநாளாக ஈடுபாடு உண்டு, அது என் கருத்தைப் பாதிக்கக் கூடும் என்று.

மனைவியிடம் சொன்னேன். "ஆதாயம் இருக்கான்னு கேட்டா ஜாதகத்தையே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் விளக்குமாற்றை எடுத்து, ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

பிப்ரவரி 5, புதன்

பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். அலுவலகத் தலைவர். வயதால் அல்ல, நாற்காலியால் பெரியவர். என் தாளைக் கையில் வைத்திருந்தார். எழுந்து நின்று கை கொடுத்தார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு மனுஷனைப் பார்த்ததில்லை. அலுவலகத்துக்கே பெருமை" என்றார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். வேன்காரர் முதுகில் தட்டினார்.

வெட்கமும் பெருமையும் பாதிப் பாதி. பெருமை பாதிக்கு மேல்தான், இந்த நோட்டில் பொய் எதற்கு.

பிப்ரவரி 9, ஞாயிறு

தங்கை வந்திருந்தாள். மேட்டுக் குடியிருப்பில்தான் அவள் வீடு. அங்கே கட்சிக்கு அவள்தான் எல்லாம். கொடி கட்டுவதும் அவள், தண்ணீர் வராவிட்டால் அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுவதும் அவள். மாப்பிள்ளைக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை, காலை முறை. ஒன்பதின் முதல் வண்டி இல்லாவிட்டால் அவர் வேலைக்கு நேரத்துக்குப் போக முடியாது. அவர் மட்டுமா, அந்த மேட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் துப்புரவுப் பெண்கள் எல்லாரும் அந்த வண்டிதான்.

"குழுவுல நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார்னுதான் நாங்க தெம்பா இருக்கோம் அண்ணா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "நான் உங்க ஆளு இல்லை. அரசாங்க ஆளு. சம்பளம் உன் கட்சி குடுக்கலை."

"சரி, நீ யாரோட ஆளாவும் இரு. பஸ்ஸை மட்டும் விட்டுடாதே."

தாளில் எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ? நியாயமாகச் செய்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவானேன் என்று நினைத்தேன். அல்லது அவள் திட்டுவாள் என்று பயம். இரண்டாவதுதான்.

பிப்ரவரி 19, புதன்

இந்த வருடத்தின் முதல் கூட்டம். மாணவர் சலுகைக் கட்டணம் பற்றிய பொருள் வந்ததும் பெரியவர் என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "உங்க கட்சி இதைப் பத்திப் பேசியிருக்கு இல்லையா சார். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. கொஞ்சம் வெளிய இருந்தீங்கன்னா முறையா இருக்கும்."

ஆதாயம் உள்ளவர் எழுந்து வெளியே போய், கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பது குழுவின் வழக்கம். கதவுக்குப் பக்கத்தில், தண்ணீர் வடிகட்டிக்கு அருகே, அதற்காகவே ஒரு நாற்காலி கிடக்கிறது. நான் பார்த்து அதில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

முறைதான். குறை சொல்ல முடியாது. நாம் எழுதியதை நாமே மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்?

மார்ச் 12, புதன்

இன்று மூன்று முறை வெளியே போனேன்.

பஸ் நிறுத்தங்களுக்குக் கூரை போடுவது. எங்கள் கட்சிக்காரர் ஒருவர் தெருக்கூட்டத்தில் வெயிலில் நிற்கும் பெண்களைப் பற்றிப் பேசினாராம். வெளியே.

டிரைவர்களுக்கு ஓய்வறை. தொழிலாளர் விஷயம். கட்சிக்கு அதில் கருத்து இல்லாமல் இருக்குமா? வெளியே.

புது வண்டிகளின் இருக்கைக்குப் பச்சை உறையா, நீல உறையா. எங்கள் கொடியில் பச்சை இருக்கிறது என்று வேன்காரர்தான் நினைவூட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து போனேன், மானங்கெட்டவன். வேப்ப மரத்தில்கூடத்தான் பச்சை இருக்கிறது, அதையும் வெட்டிவிடுங்களேன்.

கட்சிக்குக் கருத்தே இல்லாத விஷயம் ஒன்று இந்த உலகத்தில் இருந்தால், அதற்கு மட்டும் நான் உள்ளே உட்காரலாம்.

மார்ச் 13, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இன்னொன்றும் உண்டு. மூன்று முறையும் வேன்காரர் நாற்காலியை விட்டு அசையவில்லை. அவருக்கு எந்தக் கட்சி? ஜெயிக்கிற கட்சி.

ஏப்ரல் 2, புதன்

பொறுக்க முடியாமல் பெரியவரிடம் போனேன். தாளைத் திருத்தித் தருகிறேன், அந்தக் கடைசிக் கட்டத்தை எடுத்துவிடுகிறேன், விதி அதைக் கேட்கவே இல்லை என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுத்துடலாமே. கட்சி மாறிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, போதும்."

"மாறலையே சார்."

"அப்புறம் எப்படி சார் எடுக்கிறது? உண்மை மாறாம தாள் மட்டும் மாறினா அது பொய்யில்லையா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாத நியாயமா?"

திரும்பி வந்துவிட்டேன். பொய் எழுதியவன் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கிறான், எனக்குப் பொய்யைப் பற்றிப் பாடம்! ஆனால் அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று வீட்டுக்கு வரும் வரைக்கும் யோசித்தேன். ஓட்டை அகப்படவில்லை. அதுதான் எரிகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இந்த வாரம் முழுக்க ஒன்பதில் போகிறேன். முதல் வண்டி. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று கணக்கெடுக்கிறேன். கட்சிக்காக அல்ல, தங்கைக்காகவும் அல்ல. இது என் வேலை. உட்கார இடமில்லாமல் நிற்கிறார்கள், படியில் தொங்குகிறார்கள். காலியாக ஓடுகிறது என்று பணிமனை அறிக்கை சொல்கிறது. மதிய வண்டியைப் பார்த்து எழுதியிருப்பார்கள், அல்லது எதையும் பார்க்காமல்.

மாப்பிள்ளை நின்றுகொண்டே தூங்கினார். என்னைப் பார்த்ததும் விழித்துச் சிரித்தார். "மச்சான், உங்களுக்கு என்ன தலையெழுத்து, வீட்டுல படுத்துத் தூங்காம?" என்றார்.

ஏப்ரல் 16, புதன்

போய்விட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒன்பதாம் தடம் பொருளாக வந்தது. பெரியவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை, கதவைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. "என் கணக்கு இருக்கு சார். அதை மட்டும் விளக்கிட்டுப் போயிடறேன்" என்றேன்.

"இந்தப் பொருள்லதானே சார் உங்க ஈடுபாடே இருக்கு?"

"கணக்குல ஈடுபாடு எங்க சார் இருக்கு? ஏறினவங்களை எண்ணியிருக்கேன்."

"தாளைக் குடுத்துட்டுப் போங்க. நாங்க பார்த்துக்கறோம்."

கொடுத்துவிட்டுப் போனேன். தண்ணீர் வடிகட்டி சொட்டுச் சொட்டென்று சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ பேசுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். கூப்பிட்டபோது அடுத்த பொருளுக்குப் போயிருந்தார்கள். தீர்மானத்தைப் பிறகு படித்தேன். குழுவின் விதி ஒன்று உண்டு, கணக்கெடுத்தவர் நேரில் விளக்காத கணக்கைக் குழு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று. பொய்க் கணக்குகளைத் தடுக்கப் போட்ட விதி. என் கணக்கை 'விளக்கப்படாததால் ஏற்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். மே மாதம் முதல் ஒன்பது நிறுத்தம். மேட்டுக் குடியிருப்புக்குத் தனியார் வேன்களை அனுமதிக்கலாம்.

வேன்! ஒருத்தனும் வாயைத் திறக்கலையா? அந்த ஆளு முகத்தைப் பார்த்துக்கிட்டே கையெழுத்துப் போட்டாங்களா? அவன் மச்சினன் வண்டி ஓட்டப் போறான்னு அந்த ரூம்ல இருக்கிற மேசை நாற்காலிக்குக்கூடத் தெரியுமே! நான் எழுந்து போனேனே, நான் ஏன் எழுந்து போனேன்? யாரு என் கையைப் பிடிச்சு இழுத்தா? காலு என்னோடதுதானே?

மே 5, திங்கள்

வேன் இருட்டு விலகியபிறகுதான் கிளம்புகிறது. அதற்குள் மருத்துவமனையில் முறை மாறிவிடும். மாப்பிள்ளை மருத்துவமனைக்குப் பக்கத்தில் வேறு நாலு பேரோடு ஒரு படுக்கைக்கு இடம் பிடித்திருக்கிறார். இனிமேல் விடுமுறை நாளில்தான் வீடு. துப்புரவுப் பெண்களில் சிலர் வேலையை விட்டுவிட்டார்கள் என்று மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

மே 11, ஞாயிறு

தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்தத் தாளைப் பற்றி அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேன்காரர் ஏதோ கூட்டத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்து, அது ஊர் சுற்றி அவள் காதுவரை வந்திருக்கிறது.

"நீயே எழுதிக் குடுத்தியா?"

"ஆமா."

"யாரும் கேக்காம?"

"கேட்டிருந்தது. கடைசிக் கட்டத்துல."

"கடைசிக் கட்டம்!" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இதற்கு முன் கேட்டதில்லை. "உன்கிட்ட நான் என்ன கேட்டேன் அண்ணா? திருட்டுத்தனம் பண்ணச் சொன்னேனா? ஒரு ஃபைலைத் தூக்கிட்டு வரச் சொன்னேனா? அந்த ரூம்ல உக்காந்து, கண்ணால பார்த்ததைச் சொல்லச் சொன்னேன். அவ்வளவுதானே? உன் மனசு சுத்தமா இருக்கணும்னு எங்க முதல் வண்டியைக் குடுத்துட்டு வந்திருக்கே."

"அப்படி நினைச்சு நான்..."

"நீ எப்படி நினைச்சேன்னு எனக்கு எதுக்கு? எம் புருஷனை வாரத்துக்கு ஒரு தடவை வர்ற விருந்தாளியா ஆக்கிட்டே. உன் நேர்மையை நீயே மடிச்சு பீரோவுல வச்சுக்கோ."

மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். தங்கை வாங்கிக்கொள்ளவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

ஜூன் 18, புதன்

கூட்டம். ஐந்து பொருள். ஐந்துக்கும் வெளியே. இப்போதெல்லாம் கையோடு செய்தித்தாள் கொண்டுபோகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

தங்கையின் பிறந்தநாள். போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஓட்டுப் போட்டேன். அதே பக்கம்தான். சாவடியில் திரைக்குப் பின்னால் நிற்கும்போது, என்னை யாரும் வெளியே போகச் சொல்லாத ஒரே அறை இதுதான் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

ஜெயித்துவிட்டோம்! நகர மன்றமே எங்கள் கையில். மேட்டுக் குடியிருப்பிலிருந்து தங்கை மன்ற உறுப்பினர். நூலாலை இருக்கும் ஆலைப் பக்கம் மட்டும் முழுக்க எதிர்க்கட்சிக்கே போட்டிருக்கிறது.

சந்தோஷமாக இருக்கிறது. இதையும் எங்காவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமா? வேண்டாம். இந்த நோட்டோடு இருக்கட்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

பெரியவர் இன்று என் மேசைக்கே வந்தார். நான்தான் எப்போதும் அவர் அறைக்குப் போவேன். "உங்களோட மனசுல ஏதாவது இருந்தா வச்சுக்காதீங்க சார். நான் விதிப்படி நடந்தவன். நாளைக்கும் விதிப்படிதான் நடப்பேன்" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுல எல்லாருமே உங்க கட்சிதான்" என்றார்.

வேன்காரர் இனிப்பு வாங்கி எல்லா மேசைக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு.

செப்டம்பர் 14, ஞாயிறு

தங்கை வந்தாள். மாப்பிள்ளையும் கூட. வழித்தடக் குழுவுக்கு மன்றத்தின் சார்பில் அவளைத்தான் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். இனிமேல் பெரியவர் அவளுக்குக் கீழே குழுச் செயலாளர்.

வாசலில் செருப்பைக் கழற்றினாள். நேராக அடுக்களைக்குப் போய் மனைவியிடம், "அண்ணி, பசிக்குது" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் பேச்சு ஒன்றும் இல்லை. எனக்கு அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டியிருந்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது. தட்டைப் போட்டுக்கொண்டு நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாப்பிள்ளை சலவைப் பிரிவின் புது இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கவைத்தார்.

போகும்போது சொன்னாள்: "முதல் வேலை ஒன்பதைத் திரும்பக் கொண்டுவர்றதுதான் அண்ணா. உன் கணக்கை இந்தத் தடவை நீ வாயாலேயே சொல்லப் போறே."

நாலு மாதத்துக்குப் பிறகு இந்த வீடு வீடாக இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

ஒன்பது வரட்டும். ஆனால் வண்டி எங்கிருந்து வரும்? பணிமனையில் உபரி வண்டியே இல்லை. புது வண்டிகள் அடுத்த வருடம். இன்று வரைவு வந்திருக்கிறது, வேன்காரர் தயாரித்தது. இருபத்திரண்டாம் எண்ணின் காலை வண்டிகளை எடுத்து ஒன்பதுக்குக் கொடுப்பது. இருபத்திரண்டு ஆலைப் பக்கம் போவது. காலையில் காலியாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார். அதே வாக்கியம். எழுத்து மாறாமல்.

என் வீடும் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. எனக்கு ஸ்கூட்டர் இருக்கிறது, கவலையில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இருபத்திரண்டின் முதல் வண்டியில் நேற்றும் இன்றும் போனேன். எள் போட்டால் கீழே விழாது. எல்லாம் நூலாலைப் பெண்கள். நான் தாளை வைத்து எழுத முடியாமல் தள்ளாடுவதைப் பார்த்து ஒரு அம்மா என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "எழுதுங்க சார், எழுதுங்க. எங்க தலையை எண்ணத்தான் யாருமே வந்ததில்லை" என்றார். பக்கத்தில் இருந்தவள், "எண்ணி என்ன பண்ணுவாங்க, இன்னும் ரெண்டு வண்டி விடுவாங்களோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நேரத்துக்கு உள்ளே போகாவிட்டால் ஆலைக் கதவு மூடிவிடும். அன்றைய கூலி போய்விடும். அந்த நேரத்தை வைத்துத்தான் இந்த முதல் வண்டியின் நேரத்தையே நான் போட்டேன்.

ஒன்பதில் எண்ணிய கூட்டத்தைவிட இது அதிகம். எத்தனை தடவை கூட்டினாலும் அதிகம்.

அக்டோபர் 12, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். மேட்டில் ஏறி இறங்கும் பாதையில் கொடிகள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. சொன்னேன். ஒன்பது வேண்டும், ஆனால் இருபத்திரண்டிலிருந்து எடுக்காதே, நகரத்தின் நடுவில் மதியம் காலியாகச் சுற்றும் வண்டிகளின் முறையை மாற்றினால் ஓரளவு சமாளிக்கலாம், எனக்கு ஒரு மாதம் கொடு, போட்டுத் தருகிறேன் என்றேன்.

"ஒரு மாசம் எங்க இருக்கு அண்ணா? பொங்கி எழுந்து ஓட்டுப் போட்டவங்க என் வாசல்ல நிக்கிறாங்க."

"ஆலைப் பக்கமும் பொம்பளைங்கதான் நிக்கிறாங்க."

"அங்க நமக்கு எத்தனை ஓட்டு விழுந்துச்சுன்னு தெரியுமா?"

"பஸ்ஸுக்கும் ஓட்டுக்கும் என்ன?"

அவள் என்னையே பார்த்தாள். கோபமில்லை. களைத்துப்போன முகம். "ஒன்பதை நிறுத்தினப்ப ஆலைப் பக்கத்திலிருந்து ஒருத்தராவது வந்து கேட்டாங்களா? யாருமே கேக்கல. நீகூட வெளியதான் உக்காந்திருந்தே."

நான் பையிலிருந்து எடுத்த கணக்குத் தாளை மறுபடி உள்ளே வைத்தேன்.

"அங்கயும் வேன் விட்டுக்கலாம்னு அந்தப் பணிமனைக்காரர் சொல்றார். நல்ல மனுஷனாத்தான் தெரியறார்" என்றாள்.

நல்ல மனுஷன்! நான் சொல்ல வாயெடுத்தேன். மாப்பிள்ளை பக்கத்து அறையிலிருந்து வந்தார். அவர் அந்தப் படுக்கையைக் காலி செய்துவிட்டாராம், பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. தங்கை அதைப் பிரித்துத் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

நாளைக்குக் கூட்டம். இரண்டு கணக்கும் பையில் இருக்கின்றன. மனைவி, "என்ன யோசனை? பார்த்ததைச் சொல்லுங்க. அவ கோவிச்சுக்கிட்டா ரெண்டு மாசம் கழிச்சு வருவா" என்றாள்.

வருவாளா? போன தடவை எத்தனை நாள் போனை எடுக்கவில்லை? எல்லார் முன்னாலும், அவள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து நடத்தும் முதல் பெரிய கூட்டத்தில், சொந்த அண்ணன் எழுந்து நீ செய்வது தப்பு என்று சொன்னால்? வேன்காரர் அதை எப்படியெல்லாம் சொல்லிச் சிரிப்பார்?

சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன்.

நவம்பர் 12, புதன்

தங்கை நடுநாற்காலியில் இருந்தாள். நல்ல புடவை. பெரியவர் பொருளைப் படித்தார். ஒன்பதாம் தடத்தை மீண்டும் இயக்குதல், அதற்கு இருபத்திரண்டின் காலை வண்டிகளை மாற்றுதல். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே நீங்க வெளிய போக வேண்டியதில்லை சார்" என்று புன்னகை செய்தார். "அட்டவணைப் பிரிவு கணக்கை விளக்கலாம்."

ஒன்பதின் கணக்கை விளக்கினால் இருபத்திரண்டின் கணக்கையும் விளக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி ஒன்றை மறைக்க எனக்கு வராது. எழுந்தேன். தாளைக் கையில் எடுத்தேன். தங்கை என்னைப் பார்த்தாள்.

"தலைவர் என் கூடப் பிறந்த தங்கை" என்றேன். "விதியில் அது இல்லை. ஆனாலும் இந்தப் பொருளில் நான் கலந்துகொள்வது முறையாக இருக்காது. அனுமதி கொடுத்தால் வெளியே இருக்கிறேன்."

குழுவின் சட்ட அலுவலர் அம்மா மேசையை மெல்லத் தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். எனக்குத்தான் அந்தத் தட்டல். வேன்காரர் எல்லாரையும்விட பலமாகத் தட்டினார்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை. கணக்குகள் இரண்டும் மடியில் இருந்தன. ஏப்ரலில் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது உள்ளே ஓடிப்போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. இன்று, சொன்னால் நம்ப மாட்டார்கள், நிம்மதியாக இருந்தது. சீக்கிரம் முடித்துவிடுங்களேன் என்று இருந்தது.

முடிந்து வெளியே வந்த தங்கை என் தோளைத் தொட்டாள். "தேங்க்ஸ் அண்ணா" என்றாள். எதற்கு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரியவர் எங்களைக் கடந்து போகையில், "உங்களை மாதிரி நேர்மையான மனுஷன் இனிமே பொறந்துதான் வரணும்" என்றார். பிப்ரவரியில் இப்படிச் சொன்னது கிண்டலா பாராட்டா என்று பின்னால் எத்தனையோ நாள் யோசித்தேன். இன்று யோசிக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

மனைவி கேட்டாள், "சொன்னீங்களா?" என்று.

"நான் உள்ளயே இல்லை" என்றேன். உண்மைதானே.

நவம்பர் 17, திங்கள்

இன்று முதல் மாற்றம், இருபத்திரண்டின் காலை வண்டிகள் ஒன்பதுக்குப் போகின்றன. அறிவிப்பைப் பணிமனைக்குள் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். மேட்டுக் குடியிருப்பில் மேளம் வைத்து ஒன்பதை வரவேற்கிறார்கள், வரச் சொல்லி மாப்பிள்ளை போன் செய்தார். அதற்காகத்தான் சீக்கிரம் கிளம்பினேன்.

ஆலைப் பக்கத்து நிறுத்தத்தில் கூட்டம் சாலைவரை வழிந்து நின்றது. வேகமாகக் கடந்துவிடலாம் என்று நினைத்தேன். என் பையை மடியில் வைத்துக்கொண்ட அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். கையைக் காட்டிக்கொண்டே ஓடி வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

"சார், நீங்க பஸ் ஆபீஸுதானே? முதல் வண்டி வரவே இல்லை. இப்படி ஒரு நாளும் ஆனதில்லை. ரிப்பேரா, லேட்டா?"

கையில் சாப்பாட்டு டப்பா. அவருக்குப் பின்னால் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு மூட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"தெரியலைம்மா" என்றேன். "ஆபீஸ்ல போய்க் கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க சார்" என்றார். "நாங்க இங்கயே நிக்கிறோம்."